இணையம் இல்லையா, இணைப்பு இல்லையா?

கணினி ஆய்வகத்தில் ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் நாம் சொல்வது ‘நெட் இல்லை’ என்பதுதான். அத்துடன் அந்தப் பாடவேளை முடிந்துவிடுகிறது. மாணவர்கள் வகுப்பறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால், அந்தச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. ஆய்வகத்துக்குள்ளேயே கணினிகளுக்கு இடையிலான இணைப்பு அறுந்திருக்கலாம். அல்லது பள்ளிக்கும் வெளியுலகுக்கும் இடையிலான வழி அடைபட்டிருக்கலாம். முதலாவதில் நாம் பார்க்க வேண்டியது ஸ்விட்ச். இரண்டாவதில் ரூட்டர். பாடநூல்கள் ரூட்டரைத் ‘திசைவி’ என்றும் குறிப்பிடுகின்றன. இந்த இரு கருவிகளும் என்ன வேலை செய்கின்றன என்பதை அறிந்துகொண்டால், வீணாகப்போகும் பாடவேளைகள் பலவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

துண்டு துண்டாகப் பயணம்

நாம் அனுப்பும் படமோ பாடமோ முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டுத்தான் போகிறது. ஆய்வகக் கம்பியில் ஒரு பொட்டலம் பொதுவாக 1500 பைட்டுகள் வரை சுமக்கும். 3 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் ஏறத்தாழ 2000 பொட்டலங்களாகிவிடும். ஒவ்வொன்றிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசையைக் காட்டும் எண் ஆகியவை இருக்கும்.

அக்காலத் தொலைபேசியில் இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு தடம் முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. செய்தியைத் துண்டுகளாக்கி அனுப்பினால் ஒரே தடத்தைப் பலரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பதை 1960களில் அமெரிக்காவில் பால் பேரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அந்த முறையில் அமைந்த ஆர்ப்பாநெட் வலையமைப்பில் 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் செய்தி சென்றது. ‘லாகின்’ என்று தட்டச்சு செய்ய முயன்றபோது, முதல் இரண்டு எழுத்துகள் போனதுமே மறுமுனைக் கணினி முடங்கிவிட்டது. அந்த இரண்டு எழுத்துகளே முதல் செய்தியாக வரலாற்றில் நின்றுவிட்டன.

ஸ்விட்ச்: வகுப்பைக் கற்றுக்கொள்ளும் ஆசிரியர்

ஆய்வகக் கணினிகளிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் சேரும் பெட்டிதான் ஸ்விட்ச். ஒவ்வொரு கணினியின் வலையமைப்பு அட்டைக்கும் ‘மேக் முகவரி’ என்ற அடையாளம் உண்டு. அது 48 பிட் நீளமுள்ளது. 12 பதினறும எழுத்துகளாக எழுதப்படும்.

புதிதாக ஒரு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கு யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. ஒரு மாணவி எழுந்து தன் பெயரைச் சொல்லிப் பேசும்போது அவர் இருக்கும் இடம் ஆசிரியர் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஸ்விட்ச் கற்றுக்கொள்வதும் இப்படித்தான். மின்சாரம் வந்தவுடன் அதன் அட்டவணை வெறுமையாக இருக்கும். 5ஆம் துளையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தால் அதை அனுப்பியவரின் முகவரியைப் பார்த்து, ‘இவர் 5ஆம் துளையில் இருக்கிறார்’ என்று குறித்துக்கொள்ளும். பெறுநர் இருக்கும் துளை இன்னும் தெரியாவிட்டால், வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைகளுக்கும் அந்தப் பொட்டலத்தை அனுப்பும். உரியவர் மட்டும் எடுத்துக்கொள்வார். அவர் பதில் அனுப்பியதும் அவருடைய இடமும் பதிவாகிவிடும். பிறகு இருவருக்கும் இடையிலான பொட்டலங்கள் அந்த இரு துளைகளுக்குள் மட்டுமே போய்வரும்.

சிறிது நேரம் பேசாதிருக்கும் கணினியின் பதிவை ஸ்விட்ச் அழித்துவிடும். பல ஸ்விட்சுகளில் இந்தக் கால அளவு 5 நிமிடம். கம்பியை ஒரு துளையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினாலும், புதிய துளையிலிருந்து பொட்டலம் வந்ததுமே ஸ்விட்ச் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வதால், எவரும் எதையும் திருத்தாமலேயே கணினி மீண்டும் இயங்குகிறது.

ரூட்டர்: முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர்

உலகில் உள்ள எல்லாக் கணினிகளின் மேக் முகவரிகளையும் ஒரே அட்டவணையில் வைத்திருக்க முடியாது. அடுத்த ஊருக்கும் அடுத்த நாட்டுக்கும் செல்ல வேறு வகை முகவரி வேண்டும். அதுதான் ஐபி முகவரி.

நம் அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்வோம். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறு இலக்க எண்ணில் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென்பகுதி. டெல்லியில் கடிதத்தைப் பிரிப்பவருக்கு நம் தெருவின் பெயர் தெரிய வேண்டியதில்லை. தென்பகுதிக்கான பையில் போட்டால் போதும். கடிதம் நெருங்கி வர வர அடுத்தடுத்த இலக்கங்கள் பார்க்கப்படும். ரூட்டரும் ஐபி முகவரியின் முன்பகுதியைக் கொண்டே ‘அடுத்து யாரிடம் தரலாம்’ என்று முடிவு செய்கிறது. முழு வழியும் எந்த ஒரு ரூட்டருக்கும் தெரியாது. அடுத்த படி மட்டுமே தெரியும்.

அஞ்சலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஐபி முகவரி எழுதிய உறை உள்ளே இருக்கும். மேக் முகவரி எழுதிய உறை வெளியே இருக்கும். ஆய்வகக் கணினி வெளியே ஒரு பொட்டலத்தை அனுப்பும்போது, வெளி உறையில் நம் ரூட்டரின் மேக் முகவரியை எழுதுகிறது. ஸ்விட்ச் அதைப் பார்த்து ரூட்டரிடம் சேர்க்கிறது. ரூட்டர் வெளி உறையைக் கிழித்துவிட்டு, அடுத்த படிக்கான புதிய உறையைப் போட்டு அனுப்புகிறது. வழியில் ஒவ்வொரு ரூட்டரிலும் இதுவே நடக்கிறது.

உள் உறையில் ஓர் ஆயுள் எண்ணும் இருக்கிறது. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியம் ஆகிவிட்டால் பொட்டலம் கைவிடப்படும். வழி தவறிய பொட்டலங்கள் முடிவில்லாமல் சுற்றுவதை இது தடுக்கிறது. ஸ்விட்ச் பார்க்கும் வெளி உறையில் இப்படி ஓர் எண் கிடையாது. இதன் விளைவை ஆய்வகத்தில் நேரடியாகப் பார்க்கலாம்.

பழுது எங்கே?

‘நெட் இல்லை’ என்று முடிவு செய்யும் முன் சில நிமிடங்களில் இவற்றைப் பார்த்துவிடலாம்.

ஒன்று: ஸ்விட்சில் அந்தக் கணினிக்குரிய துளையின் சிறு விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கம்பியையும் கணினியையும் பாருங்கள். எந்த விளக்குமே எரியவில்லை என்றால் ஸ்விட்சுக்கு மின்சாரம் வரவில்லை.

இரண்டு: விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையைக் கொடுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு முகவரி வழங்கப்படவில்லை. அது தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. இது பெரும்பாலும் உள்ளிருக்கும் பழுது. கம்பி, ஸ்விட்ச், முகவரி வழங்கும் ரூட்டர் அல்லது சர்வர் என்ற வரிசையில் பார்க்கலாம்.

மூன்று: முகவரி சரியாக இருந்தால், அதே சாளரத்தில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று காட்டும் எண்ணே ரூட்டரின் முகவரி. ‘பிங்’ கட்டளையுடன் அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் ரூட்டர் வரையிலான இணைப்பு சரி. பழுது பெரும்பாலும் ரூட்டருக்கு அப்பால் இருக்கிறது. இணையச் சேவை வழங்குபவரை அழைக்கும்போது இந்தத் தகவலைச் சொன்னால் வேலை விரைவில் நடக்கும்.

நான்கு: எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் திணறி, ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் வெறிபிடித்ததுபோல் சிமிட்டினால், ஒரே கம்பியின் இரு முனைகளும் ஸ்விட்சிலேயே செருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தொங்கும் கம்பியைக் கண்டவர்கள் நல்லெண்ணத்தில் செருகிவிடுவது உண்டு. எல்லோருக்கும் அனுப்பப்படும் பொட்டலம் அந்த வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயுள் எண் இல்லாததால் அது அழிவதில்லை. இத்தகைய வளையங்களைத் தாமே கண்டு அடைக்கும் முறையை 1985இல் ராடியா பெர்ல்மன் வகுத்தார். விலை குறைந்த ஸ்விட்சுகள் பலவற்றில் அந்த வசதி இருக்காது. அங்கே நாம்தான் ஒரு முனையைப் பிடுங்க வேண்டும்.

பழுது வெளியே என்று உறுதியானால் பாடத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆய்வகச் சர்வரில் ஏற்கெனவே சேமித்துள்ள காணொலிகளையும் பாடங்களையும் மற்றக் கணினிகளில் திறக்க ஸ்விட்ச் மட்டும் போதும். முக்கியமான பாடங்களை முன்கூட்டியே சர்வரில் சேமித்து வைப்பது இதனால்தான் நல்ல வழக்கம்.

கணினி இல்லாமலே கற்பிக்கலாம்

தொடக்க வகுப்புகளிலும் இதை விளையாட்டாகச் செய்யலாம். மாணவர்களை மூன்று ‘தெரு’க்களாகப் பிரியுங்கள். ஒவ்வொருவருக்கும் 1-4, 2-3 என்பது போன்ற ஓர் எண் தாருங்கள். முதல் இலக்கம் தெரு, அடுத்தது வீடு. தெருவுக்கு ஒருவர் ஸ்விட்ச். அவரிடம் வெற்றுக் குறிப்பேடு. யாராவது சீட்டு கொடுத்தால் மட்டுமே அவர்களுடைய இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். நடுவில் ஒருவர் ரூட்டர். அவரிடம் எந்தத் தெரு எந்தப் பக்கம் என்ற மூன்று வரிகள் மட்டுமே இருக்கும்.

ஒரு வாக்கியத்தை நான்கு துண்டுச் சீட்டுகளாக்கி, வரிசை எண்ணிட்டு வேறு தெருவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வழியில் ஒரு சீட்டை நீங்கள் சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘மூன்றாவது சீட்டு வரவில்லை, திரும்ப அனுப்பு’ என்று பெறுபவர் கேட்பார். எவரும் சொல்லித்தராமலேயே பல மாணவர்கள் இதைக் கேட்டுவிடுவார்கள். இணையத்தில் இழந்த பொட்டலங்கள் மீட்கப்படுவதும் இதே முறையில்தான். உயர்நிலை வகுப்புகளில் உள் உறை, வெளி உறை ஆகியவற்றையும் சேர்த்து விளையாடலாம்.

விளையாட்டு முடிந்ததும் மாணவர்களை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று உண்மையான ஸ்விட்சைக் காட்டுங்கள். அடுத்த முறை ஒரு கணினி இயங்காதபோது, முதலில் அந்தச் சிறு விளக்கைப் பார்த்துச் சொல்வது அவர்களாகவே இருக்கும்.