காலுறையின் அழுத்தம்: பெட்டியில் உள்ள எண்ணும் காலில் உள்ள எண்ணும்

சிரை நோய்க்காக அழுத்தக் காலுறை அணிவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மருத்துவர் எழுதியது இரண்டாம் வகுப்பு. சென்ற முறை வாங்கியதும் இரண்டாம் வகுப்புதான். இந்த முறை வாங்கியது மட்டும் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது?"

கேள்வி நியாயமானதே. பிரிட்டிஷ் தர அளவின்படி இரண்டாம் வகுப்புக் காலுறை கணுக்காலில் 18 முதல் 24 மி.மீ. பாதரச அழுத்தம் தரும். ஜெர்மானிய அளவின்படி அதே இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மி.மீ. வரை தரும். எனவே வகுப்பின் எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல், பெட்டியில் மி.மீ. பாதரசம் என்று அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். ஆயினும் அந்த அளவுகூட உங்கள் காலில் வைத்து அளந்து எழுதியதன்று.

இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் அதே அலகுதான் இங்கும் பயன்படுகிறது. நாம் அசையாமல் நிற்கும்போது, இதயம் முதல் கணுக்கால் வரை நிற்கும் இரத்தத்தின் எடை முழுவதும் கணுக்காலின் சிரைகளில் இறங்குகிறது. அவ்வழுத்தம் 80 முதல் 90 மி.மீ. வரை இருக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுவதால் அது வெகுவாகக் குறையும். சிரைகளின் வால்வுகள் பழுதுபட்டவர்களுக்கு நடந்தாலும் போதிய அளவு குறைவதில்லை. வீக்கமும், தோல் கறுத்தலும், ஆறாத புண்ணும் இதனால்தான் வருகின்றன. காலுறை வெளியிலிருந்து தரும் அழுத்தம் இக்குறையை ஈடுசெய்கிறது. அது குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் தீங்கு.

தொழிற்சாலையில் காலுறையைக் கால் வடிவச் சட்டத்தில் விரித்து, துணியின் இழுவிசையை அளந்து, அதிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் பெயரால் வழங்கும் விதி இதற்கு அடிப்படை: இழுவிசை கூடினால் அழுத்தம் கூடும், சுற்றப்படும் பொருளின் வளைவு பெரிதானால் அழுத்தம் குறையும். செவிலியர் ஒரே இழுப்பில் கட்டும் கட்டு, 20 செ.மீ. சுற்றளவுள்ள கணுக்காலில் 25 மி.மீ. அழுத்தம் தருமானால், 25 செ.மீ. சுற்றளவுள்ள கணுக்காலில் 20 மி.மீ. மட்டுமே தரும். காலுறையின் கதை வேறு. அது முன்பே பின்னப்பட்டது. பருத்த கால் அதை மேலும் விரிக்கிறது, இழுவிசையும் உடன் ஏறுகிறது. சிறிய அளவுக் காலுறையைப் பெரிய காலில் மாட்டினால் பெட்டியிலுள்ள எண்ணைவிட மிகுந்த அழுத்தம் விழுவது இதனால்தான். வீட்டில் ஒருவருக்கு வாங்கியதை மற்றொருவர் அணிவது ஏன் கூடாது என்பதற்கும் இதுவே விடை.

பொட்டலத்தைச் சுற்றிக் கட்டிய நூல் எங்கே ஆழமாகப் பதிகிறது? மூலைகளில்தான். நம் காலும் சீரான உருளை அன்று. கணைக்காலின் முன்புற எலும்பு விளிம்பிலும், கணுக்காலின் முன்புறத் தசைநாண் மேலும் வளைவு கூர்மையாக இருப்பதால் அங்கே அழுத்தம் மிகும். கணு எலும்பின் பின்னுள்ள குழிவில் ஏறத்தாழ ஒன்றுமே விழாது. மெலிந்த கால் உடையவர்களுக்கு எலும்பு விளிம்பில் பஞ்சு வைத்துக் கட்டுவதும், குழிவில் மெத்தைத் துண்டு வைப்பதும் இவ்வேற்றுமையைச் சரிசெய்யவே.

காலிலேயே நேரடியாக அளக்கவும் கருவிகள் உண்டு. தட்டையான சிறு காற்றுப்பையைத் தோலுக்கும் காலுறைக்கும் இடையே வைத்து, மெல்லிய குழாய் வழியே அழுத்தமானியுடன் இணைப்பார்கள். பை தடிமனாக இருந்தால் அதுவே ஒரு மேடாகி, இல்லாத அழுத்தத்தைக் காட்டிவிடும். ஆகவே அது மிக மெல்லியதாக இருக்க வேண்டும். எங்கே வைத்து அளப்பது என்பதும் முக்கியம். 2006இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் குழுவின் பரிந்துரை, காலின் உட்புறத்தில் குதிகால் நாண் கெண்டைத்தசையாக மாறும் இடத்தைத் தேர்ந்தது. எழுந்து நிற்கும்போது தசை புடைப்பதும் சுற்றளவு மாறுவதும் அங்கே தெளிவாகத் தெரியும். எனவே படுத்த நிலையில் ஒருமுறை, நின்ற நிலையில் ஒருமுறை அளப்பார்கள். வேறுபாடு 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் அது விறைப்பான வகை. படுக்கையில் இதமாக இருந்து, நடையில் உறுதியாகப் பிடிப்பது அதன் சிறப்பு. அறுவைக்குப்பின் படுக்கையில் இருப்போர்க்கு இரத்தக்கட்டி வராமல் தடுக்கத் தரும் வெள்ளைக் காலுறை வேறு வகை. அதன் அழுத்தம் கணுக்காலில் சுமார் 18 மி.மீ. மட்டுமே. வீக்கத்துக்கு அதை அணிவதில் பொருளில்லை.

எந்தக் காலுறைக்கும் முன்பாகச் செய்யவேண்டிய அளவை வேறொன்று: தமனியின் ஓட்டம். டாப்ளர் கருவியால் கணுக்காலின் இரத்த அழுத்தத்தை அளந்து, கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். ஈவு 0.8க்குக் கீழ் இருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்; 0.5க்குக் கீழ் இருந்தால் அழுத்தக் காலுறை அணியவே கூடாது. நீரிழிவு நோயாளர்களுக்குத் தமனிச் சுவர் இறுகிப்போயிருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களுக்குக் கால்விரலின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். மரத்துப்போன கால் வலியை அறிவிக்காது. ஆகவே விரல்கள் வெளுக்கின்றனவா, நீலம் பாய்கிறதா, எலும்பு விளிம்பில் சிவந்த தடம் இருக்கிறதா என்று நாள்தோறும் கண்ணால் பார்ப்பது உடனிருப்போர் பொறுப்பு. அவ்வாறு கண்டால் காலுறையைக் கழற்றிவிட்டு உடனே எங்களை அணுகுங்கள்.

காலுறைக்கு அளவெடுக்கும் நாளில் காலையிலேயே வந்துவிடுங்கள். மாலையில் வீங்கிய காலுக்கு எடுத்த அளவு மறுநாள் காலை தளர்ந்து நிற்கும். கோடை வெயிலில் புழுங்குகிறது என்று பலர் மேல் விளிம்பைச் சுருட்டி இறக்கிவிடுகிறார்கள். சுருட்டிய இடத்தில் துணி இரண்டு மூன்று மடிப்பாகி, கயிறு கட்டியது போல் காலை இறுக்கும். கழற்றி வைப்பதே அதைவிட மேல். நாள்தோறும் துவைத்து அணியும் காலுறை ஏறத்தாழ ஆறு மாதத்தில் இழுவிசையை இழக்கும். மறு பரிசோதனைக்கு வரும்போது புதியதை அணியாமல், வழக்கமாக அணியும் அதே காலுறையுடன் வாருங்கள்; நாங்கள் அளக்க விரும்புவது அதைத்தான்.