சொந்தப் பதிப்பு – 6: இலவசத்துக்கு ஒரு கொட்டேஷன்

சென்ற வாரப் பகுதி வெளியான மறுநாள் காலை, கடையத்திலிருந்து ஒருவர் போனில் அழைத்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நாற்பது வருடமாக எழுதிவைத்த கதைகளில் பதினான்கைப் பொறுக்கியெடுத்துப் புத்தகம் போடப் போகிறாராம். "ஒரு கம்பெனிக்காரங்க கொட்டேஷன் குடுத்திருக்காங்க தம்பி. வாட்ஸ்அப்புல அனுப்புதேன், ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்றார்.

வந்த படத்தில் ஒன்பது வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. என் முதல் புத்தகத்துக்கு இதைவிட நீளமான பட்டியலுக்குப் பணம் கட்டியவன் நான். அதனால் சிரிக்க முடியவில்லை.

முதல் வரி: ஐ.எஸ்.பி.என். பெற்றுத்தருதல்.

நூலுக்கான இந்தச் சர்வதேச அடையாள எண்ணுக்கு இந்தியாவில் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைதான் இதை வழங்குகிறது. விண்ணப்பம் இணையத்தில். பதிப்பகம் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை, எழுத்தாளர் தன் பெயரிலேயே கேட்கலாம். ஆனால் நாளாகும். அட்டை அச்சுக்குப் போகிற வாரம் கேட்டால் கிடைக்காது, கையெழுத்துப்படி திருத்தத்தில் இருக்கும்போதே கேட்டுவைக்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நிறுவனம் தன் தொகுப்பிலிருந்து ஒரு எண்ணை எடுத்து உங்களுக்குக் கொடுத்தால், பதிவேட்டில் அந்த நூலின் பதிப்பாளர் அந்த நிறுவனம்தான். நாளை நீங்களே மறுபதிப்பு போட நினைத்தால் வேறு எண் வாங்கியாக வேண்டும். சிலர் எண்ணைச் சும்மா அடித்தும் விடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 13 இலக்கங்களையும் இடமிருந்து வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். படாவிட்டால் அந்த எண் பொய். சாரிடம் இதைச் சொன்னதும் அலமாரியிலிருந்த புத்தகங்களை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். எல்லாம் சரியாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடத் தோன்றியது.

இரண்டாவது வரி பதிப்புரிமைப் பதிவு. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. வழக்கு என்று வந்தால் சான்றாகப் பயன்படும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் அரசுக் கட்டணம் 500 ரூபாய். கொட்டேஷனில் இருந்த தொகையை எழுதினால் ஆசிரியர் குழு வெட்டிவிடும்.

மூன்றாவதில் கொஞ்சம் நின்றாக வேண்டும். 'டிடிபி மற்றும் எழுத்துரு.'

என் முதல் புத்தகத்தை யுனிகோடில்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். பக்கம் அமைத்தவர் அதைப் பழைய எழுத்துரு ஒன்றுக்கு மாற்றி, பழைய மென்பொருளில் வேலை செய்தார். அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான்கு வருடம் கழித்து மின்னூல் போடலாம் என்று கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிய குப்பை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியவை. முகமூடி இல்லாத கணினியில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். அச்சுக்கூடத்தில் செய்த திருத்தங்கள் எல்லாம் அந்தக் கோப்பில் மட்டும்தான் இருந்தன. மாற்றியைக் கொண்டு திரும்ப யுனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒரு மழைக்காலம் முழுக்க வரிவரியாகச் சரிபார்த்தேன்.

ஆகவே பேச்சுவார்த்தையின் முதல் நிபந்தனை இது: பக்கம் அமைப்பது யுனிகோடில், வேலை முடிந்ததும் மூலக்கோப்பு நம் கையில். இன்டிசைனில் யுனிகோடு தமிழ் உடைகிறது, கொம்பு தள்ளிப்போய் நிற்கிறது என்று சொல்வார்கள். பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உடையத்தான் செய்யும். தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கதைத் தொகுப்பு போன்ற எளிய நூலுக்கு இன்டிசைன்கூடத் தேவையில்லை. இலவச லிப்ரே ஆபிஸில் பக்க அளவை ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், அதாவது டெமி, என்று வைத்து நீங்களே அமைக்கலாம். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்கள். அச்சிட்டு விற்கவும் காசு கேட்பதில்லை.

நான்காவது வரியைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. மெய்ப்புத் திருத்தம்: 'இலவசம்.' காசு வாங்க வேண்டிய ஒரே வேலையை இனாமாக எழுதியிருந்தார்கள். இனாம் மெய்ப்பு என்றால் யாரும் படிக்கப் போவதில்லை.

சாரே தமிழாசிரியர்தான். ஆனால் தன் எழுத்தில் தன் பிழை யாருக்கும் தெரியாது. மூளை சரியானதையே படித்துக்கொண்டு போகும். முதல் சல்லடையாக நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியையும், நாவி சந்திப்பிழை திருத்தியையும் சொன்னேன். இரண்டும் இலவசம். ஆனால் சல்லடை சல்லடைதான். 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம், 'வேலைக் கொடுத்தான்' என்றால் ஆயுதம். உங்கள் கதையில் அவன் எதைக் கொடுத்தான் என்று எந்த மென்பொருளுக்குத் தெரியும்?

இரண்டாவது சல்லடை காது. கைப்பேசியிலேயே தமிழை வாசித்துக்காட்டும் வசதி இருக்கிறது. அத்தியாயத்தை அதனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். 'கௌரி' என்பதைப் பலரும் கெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இயந்திரமோ 'கெளரி' என்று கூசாமல் படிக்கும். விட்டுப்போன சொல், இரட்டித்த சொல் எல்லாம் காதில் இடறும். என் தொகுப்பில் கதாநாயகி ஒரு பக்கத்தில் வசந்தா, அடுத்த பக்கத்தில் வனஜா. மூன்று பேர் படித்தும் தப்பியது, கைப்பேசிதான் பிடித்தது.

மேஜையில் இருக்க வேண்டியவை இரண்டு: க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, மொழி அறக்கட்டளை உருவாக்கிய தமிழ் நடைக் கையேடு. எங்கே சேர்த்து எழுதுவது, எங்கே பிரிப்பது என்ற சண்டை பாதி அங்கே தீரும். மீதிக்கு, காசு கொடுத்து ஒரு மனிதரை வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வரிகளில் மிச்சமான பணம் இதற்குத்தான்.

'உலகளாவிய விநியோகம்' என்று ஒரு வரி. கிண்டிலில் ஏற்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2016 டிசம்பரிலிருந்து கிண்டிலில் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) தளத்தில் கணக்குத் தொடங்கி நாமே ஏற்றலாம், செலவில்லை, ஐ.எஸ்.பி.என்.கூட வேண்டாம். உரிமத்தொகை 35 அல்லது 70 விழுக்காடு. இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. பணமே வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் இருக்கிறது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவார்கள்.

எத்தனை படி அச்சிடுவது? கொட்டேஷனில் ஆயிரம் என்று இருந்தது. "எங்க ஊர்ல இருந்துக்கிட்டுத்தான் பாரதி பத்தாயிரம்னு கணக்குப் போட்டாரு" என்றார் சார். உண்மைதான். 1920இல் கடையத்திலிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படி அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டார். திட்டம் நடக்கவில்லை. அடுத்த வருடம் அவரும் இல்லை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது கையொப்பம் வாங்கினார், இன்றைய மொழியில் முன்பதிவு. அந்த வழியைத்தான் நான் சொல்வேன். ஒரு கூகுள் படிவம், ஒரு யுபிஐ எண், பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு. அறுபது பேர் பணம் கட்டினால் நூறு படியை டிஜிட்டலில் அச்சிடுங்கள். ஆஃப்செட்டில் பிளேட் செலவு நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான், அதனால் ஆயிரம் போட்டால் படிக்கு விலை குறையும். கட்டிலுக்கடியில் எண்ணூறு படி தூங்குவதற்கான வாடகையை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

பட்டியலில் இல்லாத ஒரு செலவையும் சொன்னேன். நூல் வெளியாகி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்கள் என நான்குக்கும் பதிப்பாளர் தன் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தமாகப் போடுபவரும் பதிப்பாளர்தான். தவறினால் 50 ரூபாய் வரை அபராதம், அதோடு நூலின் விலையும். "அபராதத்தைவிடத் தபால் செலவு கூடுமே" என்று சிரித்தார். கூடும்தான். ஆனால் கன்னிமாராவில் உங்கள் புத்தகம் இருக்கும் என்றேன். "அப்ப அனுப்பிருவோம்."

கடைசியாகப் பக்கக் கணக்கு. ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு பாரம். சாரின் தொகுப்பு 145 பக்கம் வந்திருந்தது. ஒன்பது பாரத்துக்கு 144, அந்த ஒரு பக்கத்துக்காகப் பத்தாவது பாரம் ஓட்ட வேண்டும். பின்னால் ஆயிரம் போடும் நாள் வந்தால் உதவும், இப்போதே ஒரு பக்கம் குறைத்துவிடுங்கள், எங்காவது ஒரு பத்தியை வெட்டினால் போதும் என்றேன்.

மறுநாள் கூப்பிட்டார். கதையில் கைவைக்க மனசு வரவில்லையாம். "நன்றியுரைன்னு ஒரு பக்கம் தனியா கெடந்துச்சு தம்பி. அதை எடுத்துட்டேன். உங்க பேருதான் இருந்துச்சு, ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க."

(தொடரும்)