ஏற்றத்தில் இழுக்காத டீசல் வாகனம்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாதைகளில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் விளைச்சலைச் சந்தைக்கும் சேர்ப்பவை டீசல் வான்களும் லொறிகளுமே. ஏற்றத்தில் வாகனம் இழுக்காவிட்டால் பலர் உடனே டீசல் பம்பைக் கழற்றக் கொடுப்பதை நாம் காண்கிறோம். இடம்பெயர்ந்த குடும்பத்தின் கையிருப்பு அதிலேயே கரைந்துவிடும். செலவு குறைந்த இடத்திலிருந்து பார்த்து வருவதே நன்று.

டீசல் எஞ்சினில் அழுத்தத்தால் சூடேறிய காற்றில் பீச்சப்படும் டீசல் தானாகவே எரிகிறது. காற்று, டீசல், அழுத்தம் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் வலு குறையும்.

கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா எனப் பாருங்கள். டேர்போ உள்ள வாகனமாயின் அதன் காற்றுக்குழாய் வெடித்திருக்கலாம். புகையின்றி இழுவை மட்டும் குறைந்தால் டீசல் வடிகட்டியைக் கவனியுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் செய்ததுபோல் பீப்பாயில் டீசல் சேர்த்து வைத்தால், மழைக்காலத்தில் அதில் நீர் சேரும். நீர் கனமானது, அடியில் தங்கும். வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி அதை வடித்துவிடலாம்.

மலிவென்று மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். அதில் டீசலின் வழுவழுப்பு இல்லை. பம்பும் இஞ்செக்டரும் தேய்ந்துபோகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வாகனம் இழுக்காவிட்டால் கராஜுக்குக் கொண்டுசெல்லுங்கள். எஞ்சினைப் பிரிக்குமுன் அதன் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டி மாற்றிய திகதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வைப்போம்.