மாத்திரைக்கு அடங்காத கிருமிகள்!

"ஷிப்ட்டுக்கு நேரமாச்சுண்ணே, சளிக்கு ஸ்ட்ராங்கா ரெண்டு மாத்திரை குடுங்க!"

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மருந்துக் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. லீவு போட்டால் சம்பளம் போகும். அந்த அவசரம் புரிகிறது. ஆனால், அந்த ரெண்டும் ஆன்டிபயாடிக்காக இருந்தால்?

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, பாக்டீரியாவைத்தான் தாக்கும். நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மருந்து உள்ளே போனதும் சாதுவானவை சாகும். மருந்தைத் தாங்குகிறவை தப்பிப் பிழைத்துப் பெருகும்.

இதன் விபரீதத்தை 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது. தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும், பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து நோயாளிகளிடம் எடுத்த பாக்டீரியாக்களின் ஜீன்களைப் பரிசோதித்தார்கள். ஆஸ்பத்திரிகள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் 'கார்பபெனம்' மருந்தையே சிதைக்கும் 'என்.டி.எம்-1' என்ற ஜீன், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்தது! பிரிட்டனில் 37. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கொலிஸ்டின், டைஜிசைக்ளின் தவிர வேறு மருந்து வேலை செய்யவில்லை.

இந்த ஜீன் பெரும்பாலும் 'பிளாஸ்மிட்' என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. சமையல் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது போல, ஒரு பாக்டீரியா இதை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் சரி!

நான் சித்த மருத்துவன். ஆடாதொடையும் நிலவேம்பும் எழுதித் தருகிறவன்தான். ஆனாலும் சொல்கிறேன்: பாக்டீரியாவால் வரும் நிமோனியா, ரத்தத்தில் கிருமித் தொற்று என்றால் உயிரைக் காப்பது ஆன்டிபயாடிக்தான். அப்போது கஷாயத்தை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். அந்த நேரத்தில் மருந்து கைகொடுக்க வேண்டுமானால், இன்று அதை வீணாக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

• டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். கார்பபெனம் உள்ளிட்ட பல மருந்துகளைச் சீட்டோடு விற்று, கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 முதல் சட்டம்.

• டாக்டர் சொன்ன நாள் கணக்கை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

• மூத்தவனுக்கு வாங்கி மிஞ்சிய மருந்தைச் சின்னவளுக்கு ஊத்தாதீங்க.

• கழிவறை போய் வந்ததும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் அப்படியே.

• மூச்சுத் திணறலோ, மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலோ இருந்தால், ஷிப்ட்டை விட்டுவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.