ஊசி போட்ட இடத்தில் கட்டி: பூனை வளர்ப்போர் கவனத்துக்கு

தடுப்பூசி போட்டு வந்த சில நாளில், பூனையைத் தடவும்போது தோலுக்கடியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படலாம். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே போன மருந்தைச் சமாளிக்க எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரள்வதால் வரும் வீக்கம் அது. வலிக்காது, சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். பிதுக்க வேண்டாம், தைலமோ பற்றோ போட வேண்டாம். எதைப் பூசினாலும் பூனை நக்கி விழுங்கிவிடும்.

கட்டி சூடாக இருந்து, தொட்டாலே பூனை சீறினால், அல்லது சீழ் கசிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் முகம் வீங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு திணறினாலோ அது ஒவ்வாமை. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கரையாத கட்டி

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1987-இல் பூனைகளுக்கு ரேபிஸ் ஊசி கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் ஊசி போடும் இடங்களில் சார்கோமா என்னும் புற்றுக்கட்டிகள் கூடுவதை அங்குள்ள பல்கலைக்கழக நோயியல் வல்லுநர்கள் ஹெண்ட்ரிக், கோல்ட்ஷ்மிட் இருவரும் 1991-இல் சுட்டிக்காட்டினார்கள். நீடித்த அழற்சி, சில பூனைகளின் திசு அணுக்களைப் புற்றாக மாற்றுகிறது என்பதே இன்றைய விளக்கம். மருந்தின் வீரியத்தைக் கூட்ட அலுமினிய உப்பு போன்ற துணைப்பொருள் சேர்த்த ரேபிஸ், பூனை ரத்தப்புற்று வைரஸ் தடுப்பூசிகள் மீதே முதலில் சந்தேகம் விழுந்தது. வேறு ஊசிகளாலும் இது வரலாம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் மிக அரிது: பல ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவுதான். சில மாதங்களிலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

3-2-1 விதி

ஊசி போட்டு 3 மாதமாகியும் கட்டி இருக்கிறதா? 2 செ.மீ.க்கு மேல் பெரிதா? 1 மாதத்துக்குப் பின்னும் வளர்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் பயாப்சி தேவை. இதற்காகவே ஊசி போட்ட தேதியையும் இடத்தையும் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை கட்டியை அளந்து பாருங்கள்.

‘எதற்குச் சோதனை, கட்டியையே எடுத்துவிடலாம்’ என்று அவசரப்படக் கூடாது. இந்தப் புற்று வேர் விட்டுச் சுற்றுச் சதைக்குள் பரவும். மேலோட்டமாக வெட்டினால் திரும்ப வரும். முதலில் சிறு துண்டெடுத்துச் சோதித்து, புற்று என்று உறுதியானால் சுற்றிலும் 5 செ.மீ. வரை நல்ல சதையையும் சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே இது கடினம். அதனால்தான் காலின் கீழ்ப்பகுதியிலோ வாலிலோ ஊசி போடப் பரிந்துரைக்கிறார்கள். அங்கே புற்று வந்தால் அந்த உறுப்பையே நீக்கி உயிரைக் காக்கலாம். எங்கே போடப்போகிறார் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். துணைப்பொருள் சேர்க்காத மருந்து கிடைக்குமா, எந்த ஊசி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்பதையும் விசாரியுங்கள்.

கட்டிக்குப் பயந்து ஊசியையே நிறுத்திவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பூனையையும் காப்பாற்ற முடியாது, அது கடித்த மனிதருக்கு அறிகுறி வந்துவிட்டால் அவரையும் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. தெருநாய்களும் ரேபிஸும் இருக்கும் நம் ஊரில் ஊசியைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து.