ஊசியால் குத்தினால் குற்றமா?

வகுப்பு முடிந்து மாலை பஸ்ஸில் திரும்பும்போது, எங்களில் சிலர் ஹிஜாபில் குத்தியிருக்கும் ஊசியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதுண்டு. எதற்கென்று உம்மாமாருக்கு விளங்கும். ஒருநாள் நெரிசலில் பின்னால் நின்றவரின் கை எல்லை மீறியது, குத்திவிட்டேன். "பொலிசுக்குப் போவேன்" என்று அவர் சத்தமிட்டார். தவறு செய்தவர் அவர், நடுங்கியது நான். வீட்டில் சொன்னதும் உம்மா, "பொலிஸ், கோடு என்று அலைய ஏலுமா மகள்?" என்றுதான் முதலில் கேட்டார்.

அன்றிரவு முழுக்க நான் குற்றவாளியா என்ற கேள்வி விடவில்லை. பிறகு சட்டம் படிக்கும் ராத்தா ஒருவரிடம் கேட்டும், தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

1883ஆம் ஆண்டின் அந்தச் சட்டக்கோவையே இன்றும் நடைமுறையில் உள்ளது. அதில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. அந்த உரிமையைப் பயன்படுத்திச் செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது 89ஆம் பிரிவு. நம் உடலை மட்டுமல்ல, இன்னொருவரின் உடலையும் காக்கலாம், சொத்தையும் காக்கலாம். அடி விழும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆபத்து வருமென்ற நியாயமான அச்சம் எழுந்தவுடனேயே உரிமை தொடங்கிவிடுகிறது. பஸ்ஸில் நடந்ததோ வெறும் 'சேட்டை' அல்ல. அது 345ஆம் பிரிவின் கீழ் பாலியல் தொல்லை. ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். ஆகவே அந்தக் கையை விலக்க ஓர் ஊசிக் குத்து என்பது உரிமைக்கு உட்பட்டதே என்றார் ராத்தா.

ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. "அவன் இறங்கிப் போன பிறகு நீயும் இறங்கிக் குடையால் அடித்திருந்தால்?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த எண்ணம் வந்தது. அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிகிறது; அதன்பின் விழும் அடி பழிவாங்கல், அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பிடிபட்ட கள்வனைக் கம்பத்தில் கட்டி ஊரே கூடி அடிப்பதை நாம் வீரம் என்கிறோம். கட்டியாயிற்று என்றால் ஆபத்து ஏது? அங்கே அடிப்பவர்களே எதிரிகளாகக் கூண்டில் நிற்க நேரும். பொலிசாரின் உதவியை நாட அவகாசம் இருந்தாலும் இந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது.

உயிரைப் பறிக்கும் அளவுக்கு இவ்வுரிமை நீள்வது மிகச் சில வேளைகளில்தான்: மரண பயம், கொடுங்காயம், வல்லுறவு, ஆட்கடத்தல் போன்றவற்றை நோக்கமாகக் கொண்ட தாக்குதல்களில். கொள்ளை, இரவில் வீடுடைத்தல் போன்றவற்றிலும் உண்டு. சாதாரண களவில் இல்லை. நல்லெண்ணத்தோடு, முன்திட்டமின்றித் தற்காத்துக்கொள்ளும்போது எல்லை மீறி உயிர் போய்விட்டால், 294ஆம் பிரிவின்படி அது கொலையாகாது. என்றாலும் விடுதலையும் கிடைக்காது; கொலையாகாத குற்றத்துக்குரிய தண்டனை உண்டு.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. "தற்காப்புக்காகச் செய்தேன்" என்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 105ஆம் பிரிவில். ஐயத்துக்கு இடமின்றி அல்ல, அப்படி நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று காட்டினால் போதும். அதற்குச் சாட்சி வேண்டும். மானம் போய்விடும் என்று பிள்ளையின் வாயை அடைத்தால் அந்தச் சாட்சி அங்கேயே தொலைந்துவிடுகிறது. நாட்கள் கழித்துச் சொன்னால், கதை கட்டுகிறாள் என்பார்கள். அந்த இடத்திலேயே சத்தமிடுவதும், கண்டக்டரிடம் சொல்வதும், பக்கத்தில் நின்ற பெண்ணின் பெயரைக் கேட்டு வைப்பதும், அன்றே பொலிசில் முறைப்பாடு செய்வதும் நம்மைத்தான் காக்கும். அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938. இரண்டு இலக்கங்களையும் உம்மாவின் போனிலும் பதிந்து வைத்திருக்கிறேன்.