சில்வண்டுச் சத்தமும் ஆலைச் சத்தமும்



ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டித் துளிர்விடும் வெயில் மாதங்களில் நமக்கு இரண்டு தொல்லை. ஒன்று, பால் குறைவு. மற்றொன்று, இந்தச் சில்வண்டு. ஒன்று ஆரம்பித்தால் போதும், தீம்பார் முழுக்கச் சேர்ந்து கத்தும். பக்கத்து நிரையில் வெட்டுகிறவர் கூப்பிட்டால் கேட்காது. அந்தி வேளையில் காட்டோரத்துப் பெரிய சில்வண்டு தொடங்கிவிட்டால், லயத்தில் பிள்ளையைத் தூங்க வைக்கப் போராடும் தாய்மார் பாடு சொல்லி முடியாது. உலகிலேயே பெரிய சில்வண்டு நம் நாட்டுக் காடுகளில்தான் இருக்கிறது. சிறகை விரித்தால் 20 சென்டிமீட்டர் வரும்! மலாய்க்காரர்கள் சில்வண்டை 'ரியாங் ரியாங்' என்கிறார்கள். ரியாங் என்றால் குதூகலம். குதூகலம் அதற்கு, தலைவலி நமக்கு.

"இது மரத்தை உறிஞ்சுவதால்தான் பால் வற்றுகிறது" என்று நம்மவர்களில் சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அது குடிப்பது மரத்துக்குள் ஏறும் நீரை. நம் பால் ஓடுவது பட்டையில். இலையுதிர்வினால்தான் பால் குறைகிறது. சில்வண்டு கடிக்காது, இலையையும் தின்னாது. குஞ்சுப் பருவத்தில் பல ஆண்டுகள் மண்ணுக்குள் வேர்ச்சாற்றைக் குடித்துக் கிடந்து, வெளியே வந்து மரத்தில் தோலுரித்துச் சில வாரமே வாழ்கிறது. கத்துவது ஆண் மட்டும், பெண்ணை அழைக்க. ஆகவே மருந்தடிக்கச் சொல்லி மானேஜரிடம் போக வேண்டாம். மருந்துதான் நமக்குக் கெடுதல்.

நாம் கவலைப்பட வேண்டிய சத்தம் வேறு. ரப்பர் ஆலையிலும் செம்பனை ஆலையிலும் பல வருடம் உழைத்தவர்கள் நம்மிடம் வருகிறார்கள். "தலைவரே, சீசன் முடிஞ்சு போச்சு, எனக்கு மட்டும் இன்னும் காதுக்குள்ள சில்வண்டு கத்துது" என்கிறார்கள். வீட்டில் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கிற விஷயமா இது? இயந்திர இரைச்சலில் உள்காதின் நுண்ணிய அணுக்கள் செத்துப்போனால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் இந்த ரீங்காரம், பிறகு பேச்சே கேட்காது.

சில்வண்டும் பக்கத்தில் நின்று அளந்தால் சில வகைகளில் 100 டெசிபலைத் தொடும், மறுக்கவில்லை. ஆனால் அது மரத்து மேலே, கொஞ்ச நேரம். ஆலையோ காதுக்குப் பக்கத்தில், நாளுக்கு எட்டு மணி நேரம், வருடக் கணக்கில்.

2019-ல் வந்த இரைச்சல் விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபல். ஓர் அடையாளம் சொல்கிறோம்: கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வரம்பைத் தாண்டினால் காதடைப்பான் கொடுப்பதும், செவிச் சோதனை செய்து வைப்பதும் முதலாளியின் கடமை. அவர் போடும் பிச்சை அல்ல. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை சொக்சோ சட்டத்தில் தொழில் நோயாகவே இருக்கிறது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ உண்டு. நம்மோடு நிற்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

காதில் ரீங்காரம் உள்ளவர்கள் வேலையில் இருக்கும்போதே கிளினிக் போய்ச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எந்த இயந்திரத்தில் எத்தனை வருடம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சீட்டையும் எடுத்துக்கொண்டு சங்கக் கிளைத் தலைவரைப் பாருங்கள்.